வெப்ஹூக் வந்ததும் வேலையைத் தொடங்காதீர்கள்

எங்கள் குழுவின் ஆவணத் தளம் கோப்புகளை அவற்றின் மாற்றங்களோடு சேமித்துவைக்கும் கிட்ஹப் சேவையில் உள்ள ஒரு களஞ்சியத்திலிருந்து உருவாகிறது. கட்டுரைகள், படங்கள், வார்ப்புருக்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதன் முதன்மைக் கிளையான மெயினில் ஏதாவது மாறினால், எங்கள் சர்வர் அதை இழுத்துக்கொண்டு தளத்தை மறுபடி கட்டி வெளியிட வேண்டும். தொடக்கத்தில் இந்த வேலையை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரான் என்ற கருவி பார்த்துக்கொண்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, "புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா?" என்று கிட்ஹப்பைக் கேட்கும். ஒரு நாளைக்கு 288 தடவை கேட்கும். ஏழெட்டு தடவைதான் "ஆமாம்" என்று பதில் வரும். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியவர், திருத்தம் தளத்தில் தெரிகிறதா என்று ஐந்து நிமிடம் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

வெப்ஹூக் இதைத் தலைகீழாக்குகிறது. நாம் போய்க் கேட்பதில்லை; களஞ்சியத்தில் ஒன்று நடந்த உடனே கிட்ஹப் நம் முகவரிக்கு ஒரு எச்டிடிபி கோரிக்கையை அனுப்பிச் சொல்லிவிடுகிறது. ஜெஃப் லிண்ட்சே என்ற நிரலாளர் 2007-இல் இந்தப் பெயரை வைத்தார். பெயர் புதிதாகத் தோன்றினாலும் உள்ளே இருப்பது ஒரு சாதாரண போஸ்ட் கோரிக்கை மட்டும்தான். அதைப் பெற்றுக்கொள்ளும் நிரலை ஒரு மாலைப் பொழுதில் எழுதிவிடலாம். நான் அப்படித்தான் எழுதினேன். அந்த நிரல் ஓராண்டு நன்றாக ஓடிய பிறகுதான் அதில் இருந்த அடிப்படைத் தவறு எனக்குத் தெரிந்தது. அதே தவறை நீங்களும் செய்யாமல் இருக்கத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சோதனைகளை ஓட்டுவது, தொகுப்பை உருவாக்குவது போன்ற வேலைகள் களஞ்சியத்தைத் தாண்டி வெளியே போக வேண்டியதில்லை என்றால், வேலைகளைக் கிட்ஹப்பின் இயந்திரங்களிலேயே ஓட்டித்தரும், 2019 முதல் எல்லோருக்கும் கிடைக்கும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸே போதும். சொந்தமாக ஒரு சர்வரைப் பராமரிக்கும் பாரத்தை வீணாகத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். வேலை உங்கள் சொந்த இயந்திரத்தில் நடந்தாக வேண்டும், பல களஞ்சியங்களின் நிகழ்வுகள் ஓரிடத்தில் சேர வேண்டும், அல்லது உங்கள் தரவுத்தளத்தில் ஒரு வரி மாற வேண்டும் என்ற நிலை வந்தால் வெப்ஹூக்கை எடுங்கள். எங்களுக்கு மூன்றுமே தேவைப்பட்டன.

கிட்ஹப் பக்கத்தில் செய்ய வேண்டியது

களஞ்சியத்தின் அமைப்புகளுக்குள் வெப்ஹூக்ஸ் என்ற பகுதி இருக்கும். அது கண்ணில் படவில்லை என்றால் அந்தக் களஞ்சியத்தில் உங்களுக்கு நிர்வாகி உரிமை இல்லை என்று பொருள். "ஆட் வெப்ஹூக்" பொத்தானை அழுத்தினால் ஒரு சிறிய படிவம் திறக்கும்.

முதல் பெட்டியில் உங்கள் சர்வரின் முகவரியைக் கொடுங்கள். அது எச்டிடிபிஎஸ் முகவரியாக இருக்கட்டும். சான்றிதழைச் சரிபார்க்கும் வசதி இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அதை அணைத்துவிடாதீர்கள். அணைத்ததை மறுபடி இயக்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. உள்ளடக்க வகையில் ஜேசன் என்ற தரவு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். படிவ வடிவத்தைத் தேர்ந்தால் அதே ஜேசன் ஒரு படிவப் புலத்துக்குள் மடித்து வைக்கப்பட்டு வரும். அதைப் பிரித்தெடுப்பது தேவையில்லாத வேலை.

அடுத்தது ரகசியச் சொல். படிவம் இதைக் கட்டாயமாகக் கேட்காது. நீங்கள் கட்டாயமாகக் கொடுங்கள். குழுவின் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்து எழுதுகிற பழக்கமெல்லாம் இங்கே உதவாது. ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியைக் கொண்டு 32 பைட் தற்செயல் தரவை உருவாக்கினால் 64 எழுத்துள்ள ஒரு சரம் கிடைக்கும். அதை இங்கே ஒட்டுங்கள். சர்வரில் சூழல் மாறியாக (நிரலுக்கு வெளியே இருந்து கொடுக்கும் மதிப்பாக) வையுங்கள். களஞ்சியத்துக்குள் எந்தக் கோப்பிலும் எழுதிவைக்காதீர்கள்.

பிறகு நிகழ்வுகள். புஷ் (மாற்றங்களைக் களஞ்சியத்துக்குத் தள்ளுவது) மட்டும், எல்லாமும், அல்லது நீங்களே தேர்ந்தெடுப்பது என்று மூன்று வழிகள் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டு வாங்கலாம் என்ற ஆசை எனக்கும் வந்தது. வேண்டாம். யாரோ நட்சத்திரம் இட்டதும், கருத்து எழுதியதும், லேபிளை மாற்றியதும் வந்து குவிந்துகொண்டே இருக்கும். உண்மையான ஒரு பிழையைத் தேடும் நாளில் அந்தக் குவியலுக்குள்தான் தேட வேண்டியிருக்கும். நாங்கள் மூன்றை மட்டும் வைத்திருக்கிறோம். புஷ் வந்தால் தளத்தைக் கட்டுகிறோம். ரிலீஸ் வந்தால் பதிப்பு அறிவிப்பை அனுப்புகிறோம். இஷ்யூஸ் (குறைகளையும் கோரிக்கைகளையும் பதியும் குறிப்புகள்) வந்தால், "மொழிபெயர்ப்பு தேவை" என்ற லேபிள் ஒட்டப்பட்டதா என்று பார்த்து, மொழிபெயர்ப்பாளர்களின் பணிப்பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்கிறோம்.

சேமித்த உடனேயே கிட்ஹப் பிங் என்ற சோதனை நிகழ்வை அனுப்பும். அதற்குள் ஒரு பொன்மொழியும் வெப்ஹூக்கின் அடையாள எண்ணும் இருக்கும். உங்கள் சர்வர் பிங்குக்கும் நல்ல பதில் தர வேண்டும். "எனக்குத் தெரியாத நிகழ்வு" என்று பிழையைத் திருப்பினால், எடுத்த எடுப்பிலேயே பட்டியலில் சிவப்புக் குறி விழுந்துவிடும்.

வந்து சேர்வது என்ன

நிரல் எழுதுவதற்கு முன் ஒரே ஒரு புஷ் நிகழ்வை முழுதாகக் கோப்பில் சேமித்து, பொறுமையாகப் படித்துப் பாருங்கள். அதற்குச் செலவாகும் அரை மணி நேரம் பின்னால் பல நாட்களை மிச்சப்படுத்தும்.

முதலில் ஹெடர்களை, அதாவது கோரிக்கையின் உடலுக்கு முன் வரும் குறிப்பு வரிகளைப் பாருங்கள். எக்ஸ்-கிட்ஹப்-ஈவென்ட் என்பதில் நிகழ்வின் பெயர் இருக்கும். எக்ஸ்-கிட்ஹப்-டெலிவரி என்பது இந்த அனுப்புதலுக்கே உரிய தனி அடையாளம். இதன் அருமை பிறகு தெரியும். எக்ஸ்-ஹப்-சிக்னேச்சர்-256 என்பது கையொப்பம். 256 என்ற எண் இல்லாமல் இன்னொரு கையொப்பமும் வரும். அது ஷா-1 காலத்துப் பழைய ஏற்பாடு. அதைத் தொட வேண்டாம்.

உடல் பகுதியில் புஷ் நிகழ்வுக்கு மிக முக்கியமான புலம் ரெஃப். அதில் வெறும் "மெயின்" என்று இருக்காது. "ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்" என்று முழுப் பாதையாக இருக்கும். ஒரு பதிப்பை அடையாளம் காட்டும் குறிச்சொல்லைத் தள்ளினாலும் புஷ் நிகழ்வுதான் வரும்; அப்போது நடுவில் "ஹெட்ஸ்" இருந்த இடத்தில் "டேக்ஸ்" இருக்கும். ஆகவே "பெயர் மெயின் என்று முடிகிறதா" என்று கடைசிப் பகுதியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். "சோதனை/மெயின்" என்று ஒருவர் கிளை தொடங்கினால் அதுவும் சிக்கிக்கொள்ளும். முழுச் சரமும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பிஃபோர், ஆஃப்டர் என்ற இரண்டு புலங்கள் புஷ்ஷுக்கு முன்னும் பின்னும் கிளை எந்தக் கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) நின்றது என்று சொல்லும். ஒரு கிளையை அழித்தாலும் புஷ் நிகழ்வு வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. அப்போது ஆஃப்டர் புலத்தில் 40 பூஜ்யங்கள் இருக்கும். அந்தப் பூஜ்யங்களைக் கமிட் என்று நம்பி நிரல் இழுக்கப் போனால் தடுமாறி விழும். அதேபோல, ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேற்பட்ட குறிச்சொற்களைத் தள்ளினால் அவற்றுக்குப் புஷ் நிகழ்வே வராது. பழைய பதிப்புகளுக்கெல்லாம் மொத்தமாகக் குறிச்சொல் போட்டுவிட்டு, ஏன் எதுவும் நடக்கவில்லை என்று விழித்தவர்களுக்குக் காரணம் இதுதான்.

மற்ற நிகழ்வுகளில் பெயர் மட்டும் போதாது, ஆக்‌ஷன் என்ற புலத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தன் மாற்றத்தை இணைக்கச் சொல்லி ஒருவர் அனுப்பும் புல் ரெக்வெஸ்ட் நிகழ்வில் இதைக் கவனமாகப் பாருங்கள். "க்ளோஸ்ட்" என்று வந்தால் அது இணைக்கப்பட்டதாகவும் இருக்கலாம், வேண்டாம் என்று மூடப்பட்டதாகவும் இருக்கலாம். உள்ளே மெர்ஜ்ட் என்ற புலம் உண்மை என்று சொன்னால்தான் அது இணைப்பு. மூடப்பட்டதையெல்லாம் இணைப்பு என்று எண்ணி, நிராகரிக்கப்பட்ட பங்களிப்புக்கும் நன்றி மடல் அனுப்பினால், அது எழுதியவரை எப்படிப் புண்படுத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

கையொப்பம்

உங்கள் வெப்ஹூக் முகவரி இணையத்தில் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் அதற்கு ஒரு ஜேசனை அனுப்பி, "நான்தான் கிட்ஹப், மெயின் கிளை மாறியிருக்கிறது" என்று சொல்லலாம். அது உண்மையா என்று கண்டுபிடிக்கத்தான் கையொப்பம். கிட்ஹப் உடல் பகுதியையும் உங்கள் ரகசியச் சொல்லையும் சேர்த்து எச்மேக் ஷா-256 முறையில் ஒரு கணக்குப் போட்டு, விடையை ஹெடரில் வைத்து அனுப்புகிறது. நீங்களும் அதே கணக்கைப் போட்டு, விடை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ரகசியச் சொல் எந்த இடத்திலும் வெளியே பயணிப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இந்தக் கணக்கைப் போடும்போது ஒன்றில் மட்டும் இம்மியும் பிசகக் கூடாது. வந்த பைட்டுகள் வந்தபடியே கணக்குக்குள் போக வேண்டும்.

இதை நாங்கள் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். எங்கள் முதல் நிரல் பைத்தானில் இருந்தது. வந்த ஜேசனைப் பிரித்து அகராதியாக்கி, கையொப்பம் பார்ப்பதற்காக அதை மறுபடி ஜேசனாகக் கட்டிக்கொண்டிருந்தோம். இடைவெளிகளைக்கூட நீக்கி நெருக்கமாகக் கட்டியதால் விடை ஒத்துப்போனது. பல வாரங்கள் எந்தக் குறையும் இல்லை. ஒரு நாள் திடீரென்று ஒரு புஷ் நிராகரிக்கப்பட்டது. அடுத்தது ஏற்கப்பட்டது. அதற்கடுத்த இரண்டும் நிராகரிக்கப்பட்டன. ரகசியச் சொல்லை மாற்றிப் பார்த்தோம், சர்வரை மறுபடி தொடங்கிப் பார்த்தோம், பலனில்லை. கடைசியில், நிராகரிக்கப்பட்ட மூன்றையும் ஏற்கப்பட்ட ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: நிராகரிக்கப்பட்ட மூன்றின் கமிட் செய்திகளும் தமிழில் எழுதப்பட்டிருந்தன. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், "முன்னுரையில் எழுத்துப்பிழை திருத்தம்" என்று அழகாகத் தமிழில் செய்தி எழுதியிருந்தார். கிட்ஹப் அதை யுடிஎஃப்-8 எழுத்துகளாக அப்படியே அனுப்பியது. பைத்தானின் ஜேசன் தொகுப்போ, வேறு சொல்லாவிட்டால், ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் பின்சாய்கோட்டோடு தொடங்கும் எண் குறியீடாக மாற்றிவிடும். பொருள் ஒன்றுதான்; பைட்டுகள் வேறு. கையொப்பத்துக்குப் பொருள் தெரியாது, பைட்டுகள்தான் தெரியும்.

தமிழில் கமிட் செய்தி எழுதுவது முழுக்கச் சரி. எங்கள் நிரல்தான் தவறு. இதைச் சொல்லக் காரணம், "ஆங்கிலத்தில் மட்டும் எழுதுங்கள்" என்று ஒரு விதியைப் போட்டுப் பிரச்சினையை முடிக்கலாம் என்று அன்று ஒரு யோசனை வந்தது. அதை நாங்கள் ஏற்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

ஆகவே வரிசை இதுதான். கோரிக்கையின் மூல உடலைப் பைட்டுகளாகப் படியுங்கள். ஃபிளாஸ்க், எக்ஸ்பிரஸ் போன்ற சட்டகங்கள் ஜேசனைத் தாமே பிரித்துக் கொடுக்க முந்திக்கொள்ளும், அதற்கு முன் மூலத்தைக் கையில் எடுங்கள். அதன்மேல் எச்மேக் ஷா-256 கணக்கைப் போடுங்கள். ஹெடரில் வரும் மதிப்பு "ஷா256=" என்ற முன்னொட்டோடு வருவதால், உங்கள் விடைக்கும் அதே முன்னொட்டைச் சேருங்கள். இரண்டையும் ஒப்பிட இரட்டைச் சமக்குறி வேண்டாம். அது முதல் வேறுபாட்டைக் கண்டதும் நின்றுவிடும். எவ்வளவு நேரத்தில் நின்றது என்பதிலிருந்தே பொறுமையான ஒருவர் துப்புத் துலக்க இடம் கொடுக்கும். பைத்தானின் எச்மேக் தொகுப்பில் கம்பேர் டைஜெஸ்ட் என்ற செயற்கூறு இருக்கிறது, நோடில் டைமிங் சேஃப் ஈக்வல் இருக்கிறது. எவ்வளவு எழுத்து பொருந்தினாலும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொள்வதற்காகவே அவற்றை எழுதியிருக்கிறார்கள். விடை பொருந்தவில்லை என்றாலோ, கையொப்ப ஹெடரே இல்லை என்றாலோ, 401 கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். அதன் பிறகுதான் ஜேசனைப் பிரிக்க வேண்டும்.

இன்னொரு ஓட்டையையும் அடைத்துவிடுங்கள். சூழல் மாறியில் ரகசியச் சொல் இல்லாமல் போனால், பல நிரல்கள் வெற்றுச் சரத்தை ரகசியமாக எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். வெற்றுச் சரத்தைக் கொண்டு யாரும் கையொப்பமிடலாம். ரகசியச் சொல் காலியாக இருந்தால் நிரல் தொடங்கவே கூடாது.

பத்து விநாடி

தலைப்பில் சொன்னதற்கு இப்போது வருகிறேன்.

அனுப்பிய பிறகு பதிலுக்காகக் கிட்ஹப் பத்து விநாடி காத்திருக்கும். அதற்குள் 200 வரிசையில் ஒரு பதில் வர வேண்டும். வராவிட்டால் தொடர்பைத் துண்டித்துக்கொண்டு, அந்த அனுப்புதலைத் தோல்வி என்று குறித்துக்கொள்ளும்.

எங்கள் நிரல் கையொப்பத்தைப் பார்த்தவுடன் அங்கேயே தளத்தைக் கட்டத் தொடங்கும். கட்டி முடித்த பிறகுதான் "சரி" என்று பதில் சொல்லும். தளத்தைக் கட்ட ஆறு விநாடி ஆனவரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. படங்கள் சேர்ந்தன, பக்கங்கள் பெருகின. ஒரு நாள் அது பதினான்கு விநாடியாகிவிட்டது. கிட்ஹப் பத்தாவது விநாடியில் போய்விட்டது. எங்கள் சர்வர் அதை அறியாமல் கட்டிக்கொண்டே இருந்தது. பட்டியலில் சிவப்புக் குறியைப் பார்த்த சக பணியாளர், அக்கறையோடு "ரீடெலிவர்" பொத்தானை அழுத்தினார். இப்போது ஒரே கோப்புறையில் இரண்டு கட்டுமானங்கள். இரண்டாவது வந்தது தன் வேலையின் முதல் படியாக வெளியீட்டுக் கோப்புறையைத் துடைத்தது. அந்த நேரத்தில் முதலாவது அதற்குள் எழுதிக்கொண்டிருந்தது. தளத்தின் முகப்பு புதிதாகத் தெரிந்தது. எந்த இணைப்பை அழுத்தினாலும் 404. அதைச் சரிசெய்ய எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆவணத்தை நம்பி வந்தவர்கள் அந்த ஒரு மணி நேரமும் வெறும் பக்கத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். அதுதான் என்னை உறுத்தியது.

பொத்தானை அழுத்தியவர் மேல் தவறில்லை. வாங்குவதும் செய்வதும் ஒரே இடத்தில் நடந்ததுதான் தவறு. அதைப் பிரித்தோம்.

இப்போது வாங்கும் நிரலுக்கு மூன்றே வேலைகள்: கையொப்பத்தைச் சரிபார்க்கும், வந்ததைத் தரவுத்தளத்தில் ஒரு வரியாக எழுதும், 202 என்று பதில் சொல்லும். 202 என்பதற்கு "பெற்றுக்கொண்டேன், பிறகு செய்கிறேன்" என்று பொருள். இந்த இடத்துக்குப் பொருத்தமான எண். மொத்தமும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். இதற்குப் பெரிய செய்தி வரிசை மென்பொருள் எதுவும் தேவையில்லை. எங்களிடம் இருப்பது ஒரே கோப்பில் அடங்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளம், அதில் ஒரே அட்டவணை. டெலிவரி அடையாளம், நிகழ்வின் பெயர், மூல உடல், வந்த நேரம், நிலை என்று ஐந்து பத்திகள். டெலிவரி அடையாளம்தான் முதன்மைச் சாவி.

அதை முதன்மைச் சாவியாக வைத்ததில் ஒரு பெரிய பயன் இருக்கிறது. ஒரு நிகழ்வை மறுபடி அனுப்பச் சொன்னால், கிட்ஹப் அதே டெலிவரி அடையாளத்தோடுதான் அனுப்பும். ஏற்கெனவே அந்த வரி இருந்தால் புதிதாக எதையும் எழுதாமல் 202 சொல்லிவிடலாம். யார் எத்தனை தடவை பொத்தானை அழுத்தினாலும் வேலை ஒரு தடவைதான் நடக்கும்.

செய்யும் நிரல் தனி. அது எப்போதும் ஒன்றே ஒன்றுதான் ஓட வேண்டும். லினக்ஸில் எஃப்லாக் கட்டளையைக் கொண்டு ஒரு பூட்டுக் கோப்பை வைத்தால் இரண்டாவது ஒன்று தொடங்கவே தொடங்காது. அது அட்டவணையிலிருந்து காத்திருக்கும் வரிகளை எடுத்து, வேலையை முடித்து, நிலையை "முடிந்தது" என்று மாற்றும். நடுவில் விழுந்தால் வரி காத்திருப்பு நிலையிலேயே இருக்கும். எழுந்ததும் அங்கிருந்து தொடங்கும்.

இந்தப் பிரிப்பால் நான் எதிர்பார்க்காத ஒரு நன்மையும் கிடைத்தது. ஒருவர் ஐந்து நிமிடத்தில் எட்டு புஷ் செய்தால் எட்டுத் தடவை தளத்தைக் கட்ட வேண்டியதில்லை. காத்திருக்கும் மெயின் கிளை வரிகளை எல்லாம் ஒன்றாக எடுத்து, கிளையின் தற்போதைய நிலையை இழுத்து, ஒரே தடவை கட்டினால் போதும். "தற்போதைய நிலை" என்ற சொல்லைக் கவனியுங்கள். நிகழ்வுகள் நடந்த வரிசையிலேயே வந்து சேரும் என்ற உறுதி கிடையாது. முந்தைய புஷ் பிந்தி வரலாம். உடலில் எழுதியிருக்கும் கமிட்டை அப்படியே எடுத்து வெளியிட்டால், புதியது வெளியான பிறகு பழையது அதன் மேல் ஏறி உட்காரும். வெப்ஹூக் சொன்னதை "ஏதோ மாறியிருக்கிறது, போய்ப் பார்" என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொண்டு, என்ன மாறியது என்பதைக் களஞ்சியத்திடமே கேளுங்கள்.

கட்டும் முறையையும் அப்போதே மாற்றினோம். ஒவ்வொரு கட்டுமானமும் புதிய கோப்புறையில் நடக்கிறது. முழுதாக முடிந்த பிறகு, தளம் எந்தக் கோப்புறையைப் பார்க்க வேண்டும் என்று காட்டும் குறியீட்டு இணைப்பை மட்டும் ஒரே அடியில் திருப்புகிறோம். பாதியில் நின்ற கட்டுமானத்தை வாசகர் இனிமேல் பார்க்க வாய்ப்பில்லை.

வராமல் போன நிகழ்வுகள்

உங்கள் சர்வர் அரை மணி நேரம் படுத்துவிட்டால் அந்த நேரத்து நிகழ்வுகள் என்ன ஆகும்? தோற்றுப்போன அனுப்புதலைக் கிட்ஹப் தானாக மறுபடி அனுப்புவதில்லை. கடந்த மூன்று நாட்களின் அனுப்புதல்களை வெப்ஹூக் பக்கத்தின் "ரீசன்ட் டெலிவரிஸ்" பட்டியலில் பார்க்கலாம், கையால் மறுபடி அனுப்பலாம். நிரல்கள் கிட்ஹப்போடு பேசும் ஏபிஐ வழியாகவும் அதைச் செய்யலாம். மூன்று நாள் தாண்டினால் அந்த வழியும் இல்லை.

அதனால்தான் நான் பழைய க்ரானைத் தூக்கி எறியவில்லை. மணிக்கு ஒருமுறை அது எழுந்து, கிட்டின் எல்எஸ்-ரிமோட் கட்டளையால் மெயின் கிளை எந்தக் கமிட்டில் நிற்கிறது என்று மட்டும் கேட்கும். நாம் கடைசியாகக் கட்டிய கமிட்டும் அதுவும் ஒன்றாக இருந்தால் படுத்துக்கொள்ளும். வேறாக இருந்தால் அட்டவணையில் ஒரு வரியைப் போட்டுவிடும். 288 கேள்விகள் 24 ஆயின. வேகத்துக்கு வெப்ஹூக், விட்டுப்போனதைப் பிடிக்க க்ரான். இரண்டும் ஒரே அட்டவணையில்தான் எழுதுகின்றன என்பதால் செய்யும் நிரலுக்கு யார் அழைத்தார்கள் என்பதே தெரிய வேண்டியதில்லை. எந்த வெப்ஹூக் ஏற்பாட்டிலும் இந்த இரண்டாவது கால் கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கையொப்பம் சரியாக இருந்தாலும் நம்பக் கூடாதவை

கையொப்பம் சரி என்றால் அனுப்பியது கிட்ஹப்தான் என்று தெரிகிறது. உள்ளே எழுதியிருப்பதைக் கிட்ஹப் எழுதவில்லை; களஞ்சியத்துக்கு வந்த யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். இஷ்யூவின் தலைப்பு, கமிட் செய்தி, கிளையின் பெயர் எல்லாமே அப்படித்தான்.

கிளையின் பெயரில் என்ன ஆபத்து என்று தோன்றலாம். கிட் சில குறிகளை மட்டுமே தடுக்கிறது. இடைவெளி கூடாது, விண்மீன் குறி கூடாது. அரைப்புள்ளியும் டாலர் குறியும் பிறை அடைப்புக்குறிகளும் அனுமதிக்கப்பட்டவை. அந்தப் பெயரை எடுத்து ஷெல் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) படிக்கும் ஒரு கட்டளைச் சரத்துக்குள் ஒட்டினீர்கள் என்றால், அரைப்புள்ளிக்குப் பின்னால் இருப்பது உங்கள் சர்வரில் தனிக் கட்டளையாக ஓடும். வெளியிலிருந்து வரும் எந்த மதிப்பையும் ஷெல் வழியாக அனுப்பாதீர்கள். பைத்தானின் சப்பிராசஸ் தொகுப்புக்குக் கட்டளையை ஒரே சரமாகக் கொடுக்காமல், ஒவ்வொரு சொல்லும் தனித் தனி உறுப்பாக இருக்கும் பட்டியலாகக் கொடுங்கள். முடிந்தால் பெயரைப் பயன்படுத்தவே வேண்டாம். நாங்கள் நிரலிலேயே எழுதி வைத்திருக்கும் "மெயின்" என்ற சொல்லோடு ஒப்பிடுவதற்கு மட்டும்தான் பயன்படுத்துகிறோம்.

அடுத்தவர் நகலெடுத்த களஞ்சியத்திலிருந்து வரும் புல் ரெக்வெஸ்டின் நிரலை உங்கள் சர்வரில் ஓட்டாதீர்கள். உங்கள் சாவிகள் இருக்கும் இயந்திரத்தில் முன்பின் தெரியாதவரின் நிரல் ஓடக் கூடாது. அத்தகைய சோதனைகளுக்கு ஆக்‌ஷன்ஸ் இருக்கிறது.

சுழற்சியையும் யோசித்துவையுங்கள். உங்கள் நிரல் தளத்தைக் கட்டிய பிறகு அதே களஞ்சியத்தில் ஒரு கமிட்டைத் தள்ளுகிறது என்றால், அந்தக் கமிட் ஒரு புஷ் நிகழ்வை எழுப்பும், அது மறுபடி கட்டும், மறுபடி தள்ளும். இது நிற்காது. தானியங்கி வேலைக்குத் தனிப் பயனர் கணக்கை வைத்து, சென்டர் (அனுப்பியவர்) புலத்தில் அந்தப் பெயர் வந்தால் விட்டுவிடுங்கள். இதைவிட நல்லது, உருவாக்கிய கோப்புகளை வேறு கிளைக்கோ வேறு களஞ்சியத்துக்கோ அனுப்புவது.

சோதித்துப் பார்ப்பது

உங்கள் மடிக்கணினிக்குக் கிட்ஹப்பால் நேரடியாக வர முடியாது. ஸ்மீ என்ற சேவை ஒரு தற்காலிக முகவரியைக் கொடுத்து, அங்கே வருவதை உங்கள் கணினிக்குத் திருப்பி அனுப்பும். அந்த முகவரி தெரிந்த எவரும் வருவதைப் பார்க்க முடியும் என்பதால், சோதனைக் களஞ்சியத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் நான் பெரும்பாலும் செய்வது இதைவிட எளிது. வந்த நிகழ்வுகளின் ஹெடர்களையும் மூல உடலையும் கோப்புகளாக வைத்திருக்கிறேன்: சாதாரண புஷ், கிளை அழிப்பு, குறிச்சொல், தமிழ்க் கமிட் செய்தி, ரிலீஸ், லேபிள். நிரலில் கை வைத்த ஒவ்வொரு முறையும் அவற்றை, கோரிக்கைகளை அனுப்பும் கர்ல் கட்டளையைக் கொண்டு வரிசையாக உள்ளூரில் அனுப்பிப் பார்க்கிறேன். இதில் கவனம் ஒன்று: கர்லின் சாதாரண டேட்டா விருப்பம் கோப்பில் உள்ள வரி முறிவுகளை உதிர்த்துவிடும், பைட்டுகள் மாறினால் கையொப்பம் போய்விடும். டேட்டா-பைனரி என்ற விருப்பத்தைக் கொடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அனுப்புங்கள். இரண்டாவது தடவை எதுவும் நடக்கக் கூடாது.

வேறு இடத்தில் களஞ்சியம் வைத்திருப்பவர்களுக்கும் இந்த அமைப்பு அப்படியே பொருந்தும், ஹெடர்கள்தான் மாறும். கிட்லேபில் எக்ஸ்-கிட்லேப்-டோக்கன் என்ற ஹெடரில் நீங்கள் கொடுத்த ரகசியச் சொல்லே நேராக வந்துவிடும், அதனால் அங்கே எச்டிடிபிஎஸ் இல்லாமல் இயக்குவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கிட்டீயில் ஷா-256 கையொப்பம் உண்டு, எக்ஸ்-கிட்டீ-சிக்னேச்சர் ஹெடரில் முன்னொட்டு இல்லாமல் வரும்.

ரகசியச் சொல்லை மாற்றும் நாள் ஒன்று எப்படியும் வரும். குழுவிலிருந்து ஒருவர் விலகும்போதாவது அது வந்தே தீரும். அதற்கு வாங்கும் நிரலை முதலிலேயே தயார் செய்துவிடுங்கள். நடப்பு, பழையது என்று இரண்டு சூழல் மாறிகளை அது படிக்கட்டும். எந்த ஒன்றோடு பொருந்தினாலும் ஏற்கட்டும். எதோடு பொருந்தியது என்பதை லாக்கில் (நிகழ்வுப் பதிவேட்டில்) எழுதட்டும். மாற்றும் நாளில் புதிய சொல்லை நடப்பிலும் இப்போதுள்ளதைப் பழையதிலும் வைத்துச் சர்வரைத் தொடங்குங்கள். பிறகு கிட்ஹப் படிவத்தில் மாற்றுங்கள். சோதனைக்காக ஒரு சிறிய புஷ் செய்து, "நடப்பு" என்று லாக்கில் விழுவதைப் பார்த்த பிறகு, பழையது இருந்த வரியை அழித்துவிடுங்கள்.